துரு எடுத்த பானக்காரம்

முத்தையாபுரத்தில் உப்பளத்தைப் பார்த்தபடி இருக்கும் கடைசித் தெருவில் குடியிருப்பவள் அருணாசலவடிவு. தெருவுக்கே அவள் வடிவக்கா. புருஷன் நயினார் வீட்டின் முன்பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் ஜெயபிரியா பி.காம். முடித்துவிட்டு, ஹார்பர் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் குடும்பத்துக்கு விரோதி என்று ஊருக்குள் யாரும் கிடையாது. வடிவுக்கு மட்டும் ஒரு விரோதி உண்டு. அது துரு.

ஏரல் பக்கம் ஆற்றுப் பாசனத்து ஊரில் பிறந்தவள் அவள். அங்கே இரும்பு என்றால் வாங்கின நாளில் எப்படி இருந்ததோ அப்படியே கிடக்கும். கல்யாணத்துக்குச் சீராகத் தோசைக்கல், அரிவாள்மணை, பணியாரச் சட்டி, வாணலி என்று எல்லாம் நல்ல கனத்த இரும்பில் கொண்டுவந்தாள். வந்த முதல் ஐப்பசியிலேயே தோசைக்கல்லின் முகத்தில் செம்பட்டையாக ஒரு தேமல் விழுந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, மிளகாயும் உப்பும் எடுத்துத் தோசைக்கல்லுக்குச் சுற்றிப் போட்டாள். அடுத்த வாரம் அரிவாள்மணைக்கும் வந்தது. அதற்கும் சுற்றிப் போட்டாள். பணியாரச் சட்டியின் ஒவ்வொரு குழியிலும் குங்குமம் வைத்த மாதிரி வந்தபோதுதான் நயினார் வாயைத் திறந்தார்.

“ஏளா வடிவு, கண்ணுமில்ல, காதுமில்ல. இது உப்புக்காத்து. இந்தூர்ல இரும்பு வச்சா துருப்பிடிக்கும். அவ்வளவுதான்.”

“அப்ப ஊர்ல உள்ளவங்கள்லாம் என்ன செய்தாவ?”

“துருவோட இருக்காவ.”

துருவோடு இருக்க வடிவால் முடியவில்லை. அன்றைக்குத் தொடங்கினாள்.

முதலில் புளியும் அடுப்புச் சாம்பலும். அதில் பாதி போயிற்று, பாதி நின்றது. பிறகு யாரோ சொன்னார்கள் என்று உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கி, வெட்டின முகத்தை உப்பில் தோய்த்து, அரிவாள்மணையைத் தேய்த்தாள். அது நன்றாகவே போயிற்று. ஆனால் அந்தத் தேய்த்த கிழங்கை எங்கே வைத்தோம் என்று அவள் யோசிப்பதற்குள் அன்றைய பொரியல் முடிந்திருந்தது. வெட்டுகிற கத்தியை ஒருமுறை வினிகரில் ஊறப்போட்டுவிட்டு, சொந்தத்தில் ஒரு சடங்குக்குப் போனாள். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தால் கத்தி பல் போன சீப்பு மாதிரி கிடந்தது. துரு போயிருந்தது, அதை மறுக்க முடியாது. கத்தியும் கூடவே போயிருந்தது.

பக்கத்து வீட்டு விஜிலாவின் இரும்பு வாணலியைக் கோலாவில் ஊறவைத்ததுதான் தெருவே பார்த்த கதை. நயினார் கடைப் பெட்டியிலிருந்த பெரிய பாட்டில்கள் அத்தனையும் ஒரு வாளிக்குள் போயின. வாளி முற்றத்தில் இருந்தது. மறுநாள் விடியும்போது முத்தையாபுரத்து எறும்பெல்லாம் அங்கே கூடியிருந்தன. வாளியைச் சுற்றி, சுவரேறி, விஜிலா வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் வரைக்கும் வரிசை. அந்த மனிதர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, திருப்பம் தாண்டுவதற்குள் இறங்கி, நடுரோட்டில் வேட்டியை உதறினார். ஆனாலும் வாணலி பளபளவென்று வந்தது. விஜிலா எறும்பை மன்னித்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கப்பல் வேலைக்காரர்கள் பயன்படுத்துகிற ஏதோ ஒரு ஆசிட்டை அவர் ஒருநாள் சீசாவில் கொண்டுவந்து நீட்டி, “இதத் தடவுங்கக்கா, ஒரு நிமிசத்துல போயிரும், எங்களையும் விட்டுருங்க” என்றார். வடிவு கையால்கூடத் தொடவில்லை. “வாயில வைக்க முடியாததை நான் பாத்திரத்துல வைக்க மாட்டேன்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். அது அவள் சட்டம். புளி, எலுமிச்சை, மோர், கஞ்சித்தண்ணி, சமையல் சோடா எதுவானாலும் முதலில் மனிதர் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதனால் நயினாரின் கடையில் புளிக்கூடை ஒரு இடத்தில் நிலையாக இருப்பதில்லை. காலையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும், சாயங்காலம் தராசுக்கு மேலே பரணில் இருக்கும். யாராவது புளி கேட்டால் அவரே தேடித்தான் எடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் உடன்குடியிலிருந்து ஜெயபிரியாவைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது.

மாப்பிள்ளை பெயர் செந்தில்முருகன். தூத்துக்குடியிலேயே ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. அவன் அப்பா சிவசுப்பிரமணியன் உடன்குடியில் பேர்பெற்ற கருப்பட்டி வியாபாரி. ஒரு துண்டு கருப்பட்டியை நாக்கில் வைத்தால் எந்தக் காட்டுப் பனை என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு. அம்மா செல்லத்தாய் அமைதியானவள். பிரச்சினை தாய்மாமன் சொரிமுத்துவிடம்தான் என்று இடையில் நின்று பேசியவர்கள் எச்சரித்திருந்தார்கள். போன இடத்திலெல்லாம் குறை கண்டுபிடிக்கிற ஆள். ஒரு வீட்டில் வாசற்படி உயரம் என்று எழுந்து வந்துவிட்டாராம். இன்னொரு வீட்டில் நாய் தன்னைப் பார்த்த பார்வை சரியில்லை என்றாராம். கேசரியும் பஜ்ஜியும் வைத்தால் “எல்லா வீட்டுலயும் இதுதானா” என்பாராம்.

“அப்ப கருப்பட்டிப் பணியாரம் சுடுவோம். சூடாச் சட்டியிலேருந்து நேரா இலைக்கு” என்றாள் வடிவு.

சொல்லிவிட்டுப் பரணிலிருந்து பணியாரச் சட்டியை இறக்கினாள். இறக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மழைக்காலம் முழுக்க மேலே கிடந்ததில் சட்டியின் குழிகள் செங்கல் சூளை மாதிரி ஆகியிருந்தன. எலுமிச்சை போட்டுத் தேய்த்தாள். கை சிவந்ததே தவிர சட்டி கறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் போனில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளைக்காரன் ஒருத்தன் டிராக்டர் சங்கிலியைக் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதோ பாகில் முக்கி வைக்கிறான். சில நாள் கழித்து எடுத்தால் சங்கிலி புதுசு. அவன் என்ன சொன்னான் என்று வடிவுக்குப் புரியவில்லை. மகளைக் கூப்பிட்டாள்.

“அது மொலாசஸும்மா. சர்க்கரை ஆலையில கடைசியா மிஞ்சுத பாகு” என்றாள் ஜெயபிரியா.

“பாகுன்னா இனிப்பு. கறுப்பு. அப்ப நம்ம கருப்பட்டிதான?”

“அப்படிச் சொல்ல முடியாதும்மா...”

வடிவு அதற்குள் கடைக்குள் போய்விட்டாள். உடைந்து நொறுங்கி விற்காமல் கிடந்த கருப்பட்டித் தூளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, பெரிய எவர்சில்வர் போணியில் கரைத்தாள். ஒரே மருந்தை நம்புகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதனால் புளியையும் கரைத்து ஊற்றினாள். அன்றைக்குப் புளிக்கூடை சோப்புப் பெட்டிகளுக்கு அடியில் இருந்தது, அதையும் கண்டுபிடித்துவிட்டாள். எலுமிச்சையும் பிழிந்தாள். சட்டியை முழுக்க முக்கி, தட்டைப் போட்டு மூடி, அடுக்களை மூலையில் வைத்தாள். அது புதன்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டைத் திறந்தபோது மேலே நுரை பொங்கியிருந்தது. கையை விட்டுச் சட்டியைத் தூக்கினாள். பழைய துணியால் ஒரே ஒரு வழிப்பு. துரு குழம்பு மாதிரி வழிந்து வந்தது. கீழே கன்னங்கரேலென்று இரும்பு.

“விஜிலா! ஏளா விஜிலா! இங்கன ஓடி வா!”

விஜிலா பல்துலக்குகிற வாயோடு ஓடிவந்து பார்த்து, “மாதாவே! கண்ணாடியாட்டம் இருக்கேக்கா” என்றாள். வடிவு சட்டியைக் கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் தடவி, அடுப்பில் காயவைத்து எடுத்தாள். போணியிலிருந்த தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. இவ்வளவு வேலை செய்த தண்ணீர். அரிவாள்மணைக்கும் ஆகும் என்று அப்படியே மூடி, பக்கத்தில் அரிவாள்மணையையும் தயாராக எடுத்து வைத்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் போன பிறகு ஊறப்போடலாம்.

அவர்கள் ராகுகாலம் கழிந்து வருவதாக நயினார் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் சாயங்காலம் ஆறு மணிவரை. ஆகவே மத்தியானம் சாப்பிட்டு முடித்து, விஜிலாவை மகளுக்குச் சேலை கட்டிவிடச் சொல்லி அறைக்குள் அனுப்பிவிட்டு, வடிவு தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளிக்கப் போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் சொன்னது ராகுகாலத்துக்கு முன்னால். நயினாருக்கு இரண்டு நாளாகக் கடும் ஜலதோஷம், காதும் அடைத்திருந்தது. போனில் அவர் கேட்டது பின்னால்.

நாலு மணிக்கெல்லாம் வாசலில் கார் வந்து நின்றது.

“வாங்க அண்ணாச்சி, வாங்க மயினி, வாங்க வாங்க” என்று நயினார் பனியனோடு போய் வரவேற்று, உள்ளே உட்காரவைத்து, ஓடிவந்து சட்டையை மாட்டிக்கொண்டு, பாலை அடுப்பில் வைத்தார். அவர் எடுத்த பாத்திரம் காலையில் வடிவு எலுமிச்சைத் தோலால் துடைத்துக் கவிழ்த்திருந்த பாத்திரம். பால் கொதிக்கும் முன்பே திரிந்தது. வீட்டில் வேறு பால் இல்லை. கடையிலும் இல்லை. குளியலறைக் கதவைத் தட்டலாம் என்று போனால் உள்ளே தண்ணீர் விழுகிற சத்தமும் வடிவு பாடுகிற சத்தமுமாக இருந்தது. மகள் இருந்த அறைக்கதவைத் தட்டினால் “கொசுவம் வச்சுக்கிட்டிருக்கேன், வராதீங்க” என்று விஜிலா கத்தினாள்.

அப்போதுதான் மூலையிலிருந்த போணியைப் பார்த்தார். தட்டைத் தூக்கினார். பழுப்பு நிறத்தில் தண்ணீர். கரண்டியால் கொஞ்சம் எடுத்து நாக்கில் விட்டார். இனித்தது. புளித்தது. லேசாகச் சுறுசுறுவென்று ஏறியது. ஜலதோஷத்தில் இருந்த மூக்குக்கும் நாக்குக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

“பானக்காரம்! முன்கூட்டியே கரைச்சு வச்சிருக்கா பாரு” என்று அவருக்குப் பெண்டாட்டி மேல் பெருமையாக வந்தது. ஏலக்காய் போட மறந்துவிட்டாள் என்று தோன்றவே, ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, துணியால் வேறொரு பாத்திரத்தில் வடிகட்டி, ஐஸ் கட்டி மிதக்கவிட்டு, டம்ளர்களில் ஊற்றிக் கொண்டுபோனார்.

வடிவு குளித்து முடித்து, தலையில் துண்டோடு வெளியே வந்தபோது கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள்! அரக்கப் பரக்க அடுக்களைக்குள் நுழைந்தாள். அரிவாள்மணை வைத்த இடத்தில் இருந்தது. போணி காலி.

அவள் மனதில் முதலில் வந்தது, அரிவாள்மணைக்கு மருந்து போச்சே என்ற வருத்தம்தான். அடுத்த நினைப்பு வர ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த நேரம் நயினார் இன்னும் இரண்டு டம்ளரை நிரப்ப உள்ளே வந்தார்.

“ஏங்க, இதுல இருந்த தண்ணி எங்க?”

“குடுத்தாச்சு.”

“எந்தச் செடிக்கு?”

“செடிக்கா? சம்பந்திக்கு!”

வடிவு போணியைக் கவிழ்த்துப் பார்த்தாள். “எத்தனை பேரு குடிச்சாவ?”

“எல்லாரும்தான். அந்த மாமன் மூணாவது டம்ளர் கேக்காரு. இவ்வளவு ருசியா நீ எதுவுமே செஞ்சதில்லன்னு நானே நினைச்சேன்.”

அவள் தலைத்துண்டை அவிழ்த்து, அவர் கையில் திணித்துவிட்டு, ஈரத்தலையோடு கூடத்துக்கு ஓடினாள். அங்கே மாப்பிள்ளை செந்தில்முருகன் காரை நிழலில் நிறுத்தி, வெளியே நின்று போன் பேசிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தான். டம்ளர் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வடிவு ஒரே எட்டில் போய் அதைப் பிடுங்கினாள்.

“இது வேண்டாம் தம்பி, ஆறிப்போச்சு.”

அவன் டம்ளரில் மிதந்த ஐஸைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சரி என்று தலையாட்டினான். நல்ல பையன் என்று அந்த அவதியிலும் வடிவுக்குத் தோன்றியது.

“வாங்க மயினி” என்று செல்லத்தாய் சிரித்தாள்.

வடிவு உற்றுப் பார்த்தாள். செல்லத்தாயின் பல்வரிசை முழுக்க மை தடவின மாதிரி கறுப்பு. பக்கத்தில் சிவசுப்பிரமணியன் சிரித்தார். அவருக்கும் கறுப்பு. சொரிமுத்து சிரித்தபோது நாக்குவரை கறுப்பு. அவர் சிரிப்பை நிறுத்தவும் இல்லை. நாலு நாள் நுரைத்த கருப்பட்டித் தண்ணீர் கள் மாதிரித் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது.

“எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு” என்றார் சொரிமுத்து, கையை அகல விரித்து. “இந்தச் செவரு பிடிச்சிருக்கு. படி கொஞ்சம் உயரம். அதுவும் பிடிச்சிருக்கு. வீடுன்னா படி உயரமாத்தான் இருக்கணும். ஏ மாப்ள, உனக்குப் பிடிச்சிருக்கா?”

“இன்னும் பொண்ணைப் பாக்கலியே மாமா.”

“பொண்ணைப் பொறவு பாக்கலாம்ல. முதல்ல செவரைப் பாரு.”

சிவசுப்பிரமணியன் கண்ணை மூடி, டம்ளரில் மிச்சமிருந்த கடைசிச் சொட்டை நாக்கில் உருட்டிக்கொண்டிருந்தார். “கருப்பட்டி நம்ம ஊருதான், சந்தேகமில்ல. ஆனா கூட ஒண்ணு வருது பாருங்க. மண்ணு. செம்மண்ணு! தேரிக்காட்டுச் செம்மண் வாசம் தொண்டையில தெரியுது. இத்தனை வருசம் கருப்பட்டி விக்கேன், எனக்கே இப்படிக் கெடைச்சதில்ல.” அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். “தங்கச்சி, என்ன பக்குவம் இது? சொல்லுங்க.”

அந்த நேரம் பார்த்து விஜிலா பெண்ணை அழைத்து வந்தாள். ஜெயபிரியா தலைகுனிந்து வந்து, கைகூப்பி, நிமிர்ந்து பார்த்தாள். மூன்று கறுத்த வாய்கள் அவளைப் பார்த்து மலர்ந்தன. “மாதாவே!” என்று விஜிலா நெஞ்சில் சிலுவை போட்டாள். ஜெயபிரியா உதட்டைக் கடித்தாள், மூக்கைப் பிடித்தாள், கடைசியில் முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து குலுங்கினாள். அதைப் பார்த்த செந்தில்முருகன் திரும்பித் தன் அப்பா வாயைப் பார்த்தான். அவனும் குலுங்கத் தொடங்கினான்.

“பக்குவம் சொல்லுங்க தங்கச்சி” என்றார் சிவசுப்பிரமணியன் மறுபடியும்.

வடிவு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சுக்கு, ஏலக்காய் என்று முடித்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் வைத்தியத்தை இவ்வளவு ஆசையாக யாரும் கேட்டதில்லை. சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், இல்லை ஸ்கூட்டரிலிருந்து எறும்பைத் தட்டுவார்கள். ஒரு மனிதர் கண்ணில் நீர் தளும்பக் கேட்கும்போது பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

“அது பானக்காரம் இல்ல அண்ணாச்சி. துரு எடுக்குத தண்ணி. பணியாரச் சட்டி ஊறப்போட்டிருந்தேன்.”

செல்லத்தாய் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். நயினார் சுவரிலிருந்த காலண்டரில் ஏதோ முக்கியமான தேதியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“துருன்னா எந்தத் துரு?” என்றார் சொரிமுத்து.

“இரும்புத் துரு.”

செல்லத்தாய் விஜிலாவிடமிருந்து கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். “அய்யோ! ஏங்க, உங்க பல்லு!”

“உன் பல்லைப் பாரு மொதல்ல!”

“விசமில்ல மயினி, பயப்படாதீங்க” என்று வடிவு படபடவென்று சொன்னாள். “கருப்பட்டி, புளி, எலுமிச்சம்பழம். அவ்வளவுதான். வாயில வைக்க முடியாததை நான் பாத்திரத்துல வைக்கதே இல்ல. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஏளா விஜிலா, நீ சொல்லு.”

“ஆமா, ஆசிட்டு குடுத்தோம், வாங்க மாட்டேன்னுட்டாவ” என்றாள் விஜிலா, உதவி செய்கிற நினைப்பில்.

சொரிமுத்து எழுந்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். “இது அவமானம். பொண்ணு பாக்க வந்த மனுசனுக்குத் துருத்தண்ணி. எந்திரிங்க, ஒருத்தரும் உக்காரக் கூடாது, போவோம்” என்று சொல்லி, வாசல் பக்கம் திரும்பி, ஒரு அடி வைத்து, வந்த வழியே மெதுவாகச் சரிந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். “கொஞ்சம் கழிச்சுப் போவோம்” என்றார்.

சிவசுப்பிரமணியன் டம்ளரின் அடியை விரலால் வழித்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி எதையோ யோசித்தார். பிறகு கேட்டார்.

“துரு போச்சா?”

“என்ன அண்ணாச்சி?”

“நம்ம கருப்பட்டியில துரு போச்சான்னு கேக்கேன்.”

“சுத்தமாப் போச்சு.”

“சட்டியைக் கொண்டாங்க பாப்போம்.”

வடிவு ஓடிப்போய்ப் பணியாரச் சட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் குழிகுழியாக விரலை விட்டுத் தடவினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பெண்டாட்டியிடம் கொடுத்தார். செல்லத்தாய் கவிழ்த்துப் பார்த்து, நகத்தால் சுரண்டி, “இது பழைய சட்டின்னா யாரு நம்புவா?” என்றாள். சொரிமுத்து உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி வாங்கி, அதில் தன் முகம் தெரிகிறதா என்று வாயைத் திறந்து பார்த்தார். அதற்கு அவ்வளவு பளபளப்பு இல்லை. அது எல்லாருக்கும் நல்லதாகப் போயிற்று.

“இந்தப் பல்லு இப்படியே இருந்துருமா மயினி?” என்று செல்லத்தாய் கவலையோடு கேட்டாள்.

இந்தக் கேள்வி வந்ததும் வடிவுக்குத் தன் தெம்பு திரும்பியது. கறை என்றால் அவள் வேலை. எல்லாரையும் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப் போனாள். ஆளுக்குக் கொஞ்சம் உப்பும் சமையல் சோடாவும் உள்ளங்கையில் வைத்தாள். அப்படியாக, ராகுகாலம் தொடங்குகிற நேரத்தில், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் துவைக்கிற கல்லைச் சுற்றி வரிசையாக நின்று பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நயினார் குடிக்கவில்லை, ஆனால் மரியாதைக்காக அவரும் தேய்த்தார். அக்கம்பக்கத்தார் மதில் மேலாக எட்டிப் பார்த்து, உடன்குடிப் பக்கம் இப்படி ஒரு சடங்கு உண்டு போல என்று பேசிக்கொண்டார்கள். சொரிமுத்து தேய்க்கிற போதே பாட முயன்றார். நுரை வந்ததால் நிறுத்தினார்.

கூடத்து ஜன்னல் தொட்டிக்கு நேர் மேலே இருந்தது. உள்ளே தனியாக விடப்பட்ட இரண்டு பேரும் பேசுவது வடிவு காதில் விழுந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்தாள். தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“எங்கிட்டேருந்து மட்டும் டம்ளரை ஏன் பிடுங்குனாவ உங்கம்மா?” என்றான் பையன்.

“உங்களைக் காப்பாத்துனாவ.”

“எங்கப்பாவைக் காப்பாத்தலியே.”

“பிந்திப்போச்சு.”

கொஞ்ச நேரம் இருவரும் சிரித்தார்கள். பிறகு பையன், “உங்க வீட்டுல தினமுமே இப்படித்தானா?” என்றான். “மழைக்காலத்துல கொஞ்சம் அதிகம்” என்றாள் ஜெயபிரியா. வடிவு மீதிப் பல்லைத் தேய்த்தாள்.

பல் ஓரளவுக்கு வெளுத்தது. பளிச்சென்று வரவில்லை, சாம்பல் நிறத்தில் நின்றது. இரண்டொரு நாளில் போய்விடும் என்று வடிவு சத்தியம் செய்தாள். ராகுகாலம் கழிகிறவரை எழுந்து போகவும் முடியாது என்பதால் மாவைக் கரைத்துச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். முதல் ஈடு முழுக்கக் குழியிலேயே ஒட்டிக்கொண்டது, கரண்டிக் காம்பால் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதைச் சொரிமுத்துவுக்குக் கொடுத்தார்கள். அவர் உதிரியாக இருக்கிறது என்று பாராட்டிச் சாப்பிட்டுவிட்டு, பாய் கேட்டு வாங்கிப் படுத்துத் தூங்கிப்போனார். இரண்டாவது ஈடு குண்டுகுண்டாகத் துள்ளி வந்தது. சிவசுப்பிரமணியன் ஒன்றை வாயில் போட்டு மென்று, “இதுலயும் அந்தச் செம்மண் வாசம் வருமான்னு பாத்தேன். வரல” என்றார். குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

இருட்டுவதற்குள் கிளம்பினார்கள். சொரிமுத்துவை இருபக்கமும் பிடித்துக் காருக்குக் கொண்டுபோனார்கள். பெண் பிடித்ததா, பேச்சு மேலே போகுமா என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்ச் சேதி சொல்கிறோம் என்று மட்டும் செல்லத்தாய் காருக்குள்ளிருந்து கையைக் காட்டினாள், வாயை மூடியபடியே.

வடிவுக்கு இரவெல்லாம் மனசு சரியில்லை. “நானே என் மக வாழ்க்கையை ஊறப்போட்டுட்டேனே” என்று நயினாரிடம் புலம்பினாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஏலக்காயைப் போட்டது நான்” என்றார். அதில் அவளுக்கு என்ன ஆறுதல் என்று தெரியவில்லை, ஆனாலும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் கடை திறந்த உடனே போன் அடித்தது. செல்லத்தாய். வடிவு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“மயினி, நேத்து வந்ததுமே எங்க தோசைக்கல்லைக் கருப்பட்டியில போட்டுட்டேன். அது முழுசா முங்கணுமா, பாதி முங்குனா போதுமா?”

“முழுசா முங்கணும் மயினி. வெளிய நிக்க எடத்துல கோடு விழுந்துரும்.”

“புளி எம்புட்டு?”

“ஒரு கை. கூடவும் போடலாம், கொறையக் கூடாது.”

“சரி. எங்க தம்பி எந்திரிச்சு, நேத்துக் குடிச்சது இன்னும் இருக்கான்னு கேக்கான். அவனை அடுக்களைப் பக்கம் விடாம வச்சிருக்கோம். இவிய வேற காலையிலேருந்து கடைச் சாக்குத் தைக்குத ஊசி, தராசுச் சங்கிலின்னு ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டு வாராவ, இதுக்குப் போவுமா, அதுக்குப் போவுமான்னு. நீங்க நேர்ல வந்து ஒருதடவை பாத்தாத் தேவல.”

“அதுக்கென்ன மயினி, வாரேன்” என்றாள் வடிவு. மேலே கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. “வேற... வேற ஒண்ணும் இல்லியே?”

“வேற என்ன? ஒண்ணுமில்ல, வச்சிருதேன்” என்று சொன்ன செல்லத்தாய், “ஆங், மறந்தே போனேன் பாருங்க” என்றாள். “பையனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். ராத்திரி பூரா தனியாச் சிரிச்சுக்கிட்டிருந்தான். ஆவணியில வச்சுக்கிடலாமான்னு இவிய கேக்கச் சொன்னாவ. ஜெயபிரியாட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க.”

ஜெயபிரியா ஆபீசுக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். போனில் வந்த பேச்சு அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். திரும்பாமலே தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சிரிப்பை மறைக்க வேகமாகப் பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தாள்.

வடிவு போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். கடைக்குள்ளிருந்து நயினார் எட்டிப் பார்த்தார்.

“என்ன சொன்னாவ?”

“தட்டுப் போட்டு மூடச் சொல்ல மறந்துட்டேன். ஈ விழும்.”

“கல்யாணத்துக்கு என்ன சொன்னாவன்னு கேக்கேன்.”

“அதுவா? ஆவணி” என்றாள் வடிவு, மறுபடியும் உடன்குடி நம்பரைத் தேடி அழுத்திக்கொண்டே.